சிவசங்கரன் நிறுத்திய மோட்டார்

சிவசங்கரனுக்கு நாற்பத்தொன்பது வயது. ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் பாதி ஊர் தறி ஓட்டிப் பிழைக்கிறது. இவர் பிழைப்பு மட்டும் தண்ணீரோடு. நகரியிலிருந்து காளஹஸ்தி வரை, கிணறுகளுக்குள் கிடந்து தண்ணீரின் தரம் பார்க்கும் பதினோரு சென்சார்கள் இவர் பொறுப்பு. ஒவ்வொன்றாக மேலே எடுத்துப் பாசியைத் துடைத்து, அளவு தெரிந்த கரைசலில் முக்கிச் சரிபார்த்து, மறுபடி இறக்கிவிட வேண்டும். வாரம் முழுக்க பைக்தான். முழங்கால் இரண்டும் போய்விட்டன. துடைத்த பாசியோ அடுத்த வாரமே முளைத்துவிடும். மனுஷன் சலித்துப்போகாமல் என்ன செய்வார்?

போன வருஷ ஆயுதபூஜையன்று ஒரு காரியம் செய்தார். தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். தறிக்குப் பொட்டு வைக்காத வருஷமே அவர் வீட்டில் கிடையாது. சோறு போடும் கருவியைச் சும்மா விடலாமா என்று, நகரி குடிநீர்க் கிணற்றின் சென்சாரை எடுத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, அப்படியே தண்ணீரில் இறக்கிவிட்டார். கிணற்றுக்கு மேலே இருக்கிற சென்சார் பெட்டிக்குப் பொட்டு வைத்திருந்தால் போதாதா? தண்ணீர் கெட்டுவிட்டதென்று சித்தூர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சிவப்பு விழுந்தது. இரண்டு ஜீப் பறந்து வந்தது. அன்றிலிருந்து ஆபீஸில் இவர் பெயர் பூசாரி.

இந்த மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அதே கிணற்றில் உப்பளவு மூன்று மடங்கு ஏறியது. கரைசலில் முக்கினால் சென்சார் சரியாகக் காட்டியது; கிணற்றில் விட்டால் மூன்று மடங்கு. எவனோ சாயக்கழிவைத் திறந்துவிட்டிருக்கிறான் என்று இவருக்குப் பட்டது. மேற்பார்வையாளர் சுரேஷ்பாபுவுக்குப் போன் போட்டார்.

"ஏமய்யா பூசாரி, மறுபடி பூஜையா?"

"இல்ல சார், மூணு வாட்டி கழுவிப் பாத்துட்டேன். இத்த ஜனங்க குடிக்கக் கூடாது."

"லேபுக்கு சாம்பிள் அனுப்பு. நாளைக்கு ரிசல்ட் வரும். அதுவரைக்கும் சும்மா இரு."

நாளைக்குள் நானூறு வீடு குடித்து முடித்திருக்கும். சிவசங்கரன் சாம்பிளை அனுப்பினார். பிறகு பம்பு அறைக்குப் போய் மோட்டாரை நிறுத்தி, கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்கு அவருக்கு அதிகாரம் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

பத்து மணிக்குள் தெருவே குடத்தோடு வந்துவிட்டது. பவர்லூம் ஓட்டும் செங்கம்மாதான் முன்னால் நின்றாள்.

"இன்னாண்ணா, துன்ன தட்டு கூட கழுவாம போட்டுக்கினு வந்துகீறோம். உன் மிஷின நம்பி நாங்க காயணுமா?"

"ஒரு நாள் பொறுத்துக்கம்மா."

"போன தபா பொட்டு வச்சு ஜீப்ப ஓட வச்சவன்தான நீ!"

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் சுரேஷ்பாபு கூப்பிட்டார். "யாரைக் கேட்டு மோட்டாரை நிறுத்தின? தண்ணி நல்லாருக்குன்னு ரிசல்ட் வந்தா நாளைலேர்ந்து வேலைக்கு வராதே."

சிவசங்கரன் படியில் உட்கார்ந்தார். மூன்று முறை கழுவியும் தன்மேலேயே அவருக்கு நம்பிக்கை இல்லை. காலையில் பிடித்த தண்ணீரைக் குடித்தவர்கள்தான் எதிரே நின்றார்கள். அவர் வீட்டிலும் அதையேதான் குடித்திருந்தார்கள். எல்லாம் தெரிந்தும், அந்தத் தண்ணீர் கெட்டுத்தான் இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டார். வேண்டியதும் வெட்கத்தில் தலை நிமிரவில்லை. சாவியை மட்டும் கொடுக்கவில்லை.