குனிந்தபடி ஒரு ‘வாங்க’

என் 2006-ஆம் ஆண்டு டைரியில் ஜூன் மாதப் பக்கங்கள் மட்டும் உப்பிக்கொண்டு நிற்கும். இடையிடையே நான் ஒட்டிவைத்த கோல்ஃப் படங்கள்தான் காரணம். அப்போது நான் அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர்.

எங்களிடம் பனியன் வாங்கும் நெதர்லாந்து பையர், கோல்ஃப் ஆடுவீர்களா என்று முதலாளிக்கு மெயில் அனுப்பியிருந்தார். பையர் எதைக் கேட்டாலும் ஆமாம் என்றுவிட்டு, முடியுமா என்று பிறகு யோசிப்பது எங்கள் ஊர்த் தொழில்முறை. ஆமாம் என்று பதில் போட்டோம். அடுத்த மாதம் ஊட்டியில் ஆடலாம் என்று மறுநாளே மெயில் வந்துவிட்டது.

முதலாளி நாற்காலியில் அமர்ந்துவிட்டார். “இது பொய்யின்னு தெரிஞ்சா, நாம சொல்ற ஷிப்மென்ட் தேதியும் பொய்யின்னு நெனைச்சுப்போடுவாருங்க.”

கண்டதையும் படிக்கிறவன் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கோவையில் பழைய புத்தகக் கடையில் கோல்ஃப் பற்றி ஒரு புத்தகம் வாங்கினேன். கட்டிங் செக்‌ஷனுக்கு வெளியே, பந்தைத் தடுக்க ரிஜெக்ட் ஆன துணியை இரட்டையாகத் தொங்கவிட்டோம். முதலாளியின் தோள் அகலத்தை இஞ்ச் டேப்பால் அளந்து, கால் வைக்க வேண்டிய இடங்களைச் சாக்பீஸால் வரைந்தேன். அரை இஞ்ச் கூடலாம், குறையலாம். இடது கை மடங்கக் கூடாது. தோள் முழுதாகத் திரும்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மட்டை பந்தைக் கடக்கும்வரை தலை நிமிரக் கூடாது.

அளவெல்லாம் சரியாக இருந்தது. பந்துதான் எழும்பவில்லை. எலுமிச்சம்பழம்போல் தரையிலேயே உருண்டது.

ஒவ்வொரு அடியையும் நேரத்தோடு குறித்து வந்தேன். இரண்டு வாரம் கழித்துப் புரட்டிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பந்துகள் பெரும்பாலும் பறந்திருந்தன. மற்ற நாட்களில், ஷிப்ட் தொடங்கும் எட்டு மணியையொட்டி அடித்தவை அத்தனையும் உருண்டிருந்தன. தொழிலாளர்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள். யார் வந்தாலும் முதலாளி, மட்டை அந்தரத்தில் இருக்கும்போதே, நிமிர்ந்து பார்த்து “வாங்க” என்பார். டெய்லரானாலும் டீ கொண்டுவருபவரானாலும் அதில் பேதம் கிடையாது. மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி வந்த அன்று, மட்டையையே விட்டுவிட்டுக் கும்பிட்டார். அது துணியைத் தாண்டிப் போய் விழுந்தது.

பயிற்சி நேரத்தில் மட்டும் யாரையும் கூப்பிட வேண்டாமே என்று கேட்டுப் பார்த்தேன்.

“அதெப்படீங்க, வந்தவங்கள வாங்கன்னு சொல்லாம இருக்கறது?”

எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை. எனவே புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்தேன். மட்டையை மேலே கொண்டுபோகும்போது, பந்தைப் பார்த்தபடியே “வாங்க” என்று சொல்லிவிட வேண்டும். வருகிறவருக்கும் ஆயிற்று, தலையும் நிமிராது. ஒரே வாரத்தில் துணி கிழிந்து, புதிது மாட்டினோம்.

ஊட்டியில் முதலாளி முதல் பந்தை அடிக்கத் தயாரானபோது, பின்னாலிருந்து நான்கு பேர் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் பேனாவை மூடிவிட்டேன். “வாங்க” என்று ஒரு குரல் புல்லை நோக்கிக் கேட்டது. பந்து கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தாலும், ஆகாயத்தில்தான் போனது. அது என்ன வார்த்தை என்று பையர் என்னிடம் கேட்டார். மூச்சுப் பயிற்சி என்றேன். சற்று நேரத்தில் அவரும் “வாங்கா” என்று அடிக்கத் தொடங்கினார். ஷிப்மென்ட் தேதியைப் பற்றி யாரும் சந்தேகப்படவில்லை.

திங்கட்கிழமை சம்பந்தி கம்பெனிக்கு வந்தார். செக்கிங் டேபிளில் துணி பார்த்துக்கொண்டிருந்த முதலாளி, பழகிய பழக்கத்தில், தலை நிமிராமலே “வாங்க” என்றார். சம்பந்தி வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அன்று மாலைக்குள் விஷயம் இரண்டு வீடுகளிலும் பெரிதாகிவிட்டது.

மறுநாள் கோல்ஃப் புத்தகத்துடன் சமாதானம் பேசப் போனேன். சம்பந்தி படங்களையெல்லாம் பொறுமையாகப் பார்த்தார். தலை நிமிர்ந்தால் பந்து ஏன் உருளும் என்பதையும் கேட்டுக்கொண்டார்.

“அதெல்லாம் செரிங்க. நேத்து அவரு என்னையக் கூப்பிட்டாரா, துணியக் கூப்பிட்டாரா?”

இரண்டையும் சேர்த்துத்தான் என்றேன்.

அன்றைய பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: காபி கொடுக்கவில்லை.