வாய்க்கால்காரியும் நாணலும்

பிடுங்கிய நாணலைப் படிக்கல்லில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருக்கிறாள், துணி துவைக்கிற மாதிரி. வேரில் ஒட்டியிருந்த மண் முகத்தில் தெறிக்கிறது, துடைப்பதில்லை. மண் உதிர்ந்த வேர்களை, காய்ந்து சாகட்டும் என்று வழக்கம்போல வெயில் படும் இடமாகப் பார்த்துப் பரப்பிவைத்துவிட்டு நிமிர்ந்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். "அட என் புத்தியே! காயப்போடக் கூடாதுல்ல!" அத்தனையையும் திரும்ப வாரி, நனைத்த சாக்குக்குள் திணிக்கிறாள்.

வாய்க்கால்காரி என்றால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். கல்யாணமாகி வந்ததிலிருந்து வாய்க்கால் பராமரிப்பில் வேலை. அதில் முக்கால்வாசி நாணல் பிடுங்குவது. ஈரமும் மணலும் சேர்ந்த இடம் கிடைத்தால் போதும், ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கும். வெள்ளை வெளேரென்று பூத்துவிட்டால் வருகிறவர் போகிறவரெல்லாம் படம் எடுப்பார்கள். அதன் இலை விளிம்பு அரிவாள் மாதிரி கிழிக்கும் என்பது அவள் முழங்கைக்குத் தெரியும். "ஒரு கணு மண்ணுல பட்டா போதும், குடும்பமே கிளம்பிடும்" என்பாள். ஆனாலும் ஆகாத புல் என்று ஒதுக்கியதில்லை. இளங்குருத்தை மாட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவாள். முற்றிய தட்டையை வீட்டுக்குக் கொண்டுபோவாள். அவள் கணவர் தையல்காரர். மெஷினுக்கு நேரே வெயில் விழாமல் ஜன்னலை மறைத்திருக்கும் தட்டி அவள் பின்னியது.

போன மழையில் வளைவுக் கரை சரிந்தது. வாய்க்கால் நெடுக அவள் மிகச் சுத்தமாக வைத்திருந்த இடம் அதுதான். ஒரு புல் இருக்காது. மேஸ்திரி மற்றவர்களைக் கூட்டிவந்து காட்டுவார். கரையோடு அவளுடைய நாத்தனார் வீட்டுச் சமையலறையும் தண்ணீருக்குள் போனது. எல்லோரும் முன்னறையில் இருந்ததால் உயிர் தப்பியது. நாத்தனார் இப்போது குடும்பத்தோடு மூட்டையும் முடிச்சுமாக இவள் வீட்டில்தான் இருக்கிறாள்.

பார்வையிட வந்த பெண் பொறியாளர் சொன்னதிலிருந்துதான் இவளுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது.

"வேர்தான் கரையைப் பிடிச்சு வச்சிருந்துச்சுக்கா. திரும்ப நட்டுடுங்க. கணுவோட துண்டா வெட்டி, சாய்ச்சு வைங்க. உரம் எதுவும் வேண்டாம். மழைக்கு முன்னாடி முடிச்சுடணும்."

"இதுக்கு நடவு வேறயா? தண்ணிய அடைச்சுக்குமே மேடம்!"

"தண்ணிக்குள்ள இருக்கறத எடுத்துடுங்க. கரையில இருக்கறத விட்டுடுங்க."

"கரையில இருந்துதானே தண்ணிக்குள்ள எறங்குது?"

பொறியாளர் கரையையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆமாக்கா. அதுதான் எங்களுக்கும் குழப்பமா இருக்கு."

அன்றிலிருந்து தண்ணீருக்குள் பிடுங்குகிறாள், கரையில் நடுகிறாள். நட வேண்டிய கட்டைத் தூக்கி எறிந்துவிட்டுத் தேடுகிறாள். "காலையில நடவு, சாயங்காலம் களையெடுப்பு. உனக்கென்னம்மா, வேலைக்குப் பஞ்சமே இல்ல" என்று கணவர் ஊசியில் நூல் கோத்தபடி சிரிக்கிறார். நாத்தனார் சிரிப்பதும் இல்லை, கோபிப்பதும் இல்லை. அதுதான் இவளைப் போட்டு அரிக்கிறது. கேட்காமலேயே நாத்தனார் தட்டில் இவள் இன்னொரு கரண்டி சோறு வைக்கிறாள். "ஒரு வார்த்தை திட்டித் தொலைச்சாலும் நிம்மதியா இருக்கும்" என்று கணவரிடம் முணுமுணுக்கிறாள்.

நேற்று வளைவில் நடவு. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இடிபாட்டில் ஏதாவது பாத்திரம் கிடைக்குமா என்று பார்க்க வந்த நாத்தனார், மேலே உடைந்த சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி."

இவள் குனிந்தபடியே மண்ணைத் தோண்டினாள்.

"நீங்க பிடுங்கினதாலதான் இடிஞ்சுதா?"

"தெரியலடி. பிடுங்காம விட்ட வருஷம் தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சு. பிடுங்கினா வீடே தண்ணிக்குள்ள போயிடுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல."

"இப்ப நட்டா நிக்குமா?"

"அதுவும் தெரியல."

நாத்தனார் செருப்பைக் கழற்றினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கினாள். இவள் அப்போதுதான் வைத்திருந்த வேர்த்துண்டின் அருகே காலை ஓங்கி வைத்தாள். இன்னொரு முறையும் வைத்தாள். கோபத்தில் மிதிக்கிறாளா, மண்ணை இறுக்கிக் கொடுக்கிறாளா என்று இவளுக்கு விளங்கவில்லை. முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள்; அதிலும் ஒன்றும் தெரியவில்லை.

சாக்குக்குள் கையை விட்டு அடுத்த துண்டை எடுத்து, அந்தக் காலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.