சிவப்பு விழுந்த பெஞ்சு

தெரிந்த விடையை வேண்டுமென்றே தப்பாகச் சொன்னால் அது பொய்யா?

எண்பதுகளில் மலைமேல் சித்திரபுரத்தில், அப்பாவைப் போன்ற மின்சாரத் தொழிலாளர்களின் வீடுகளில் ஒன்றில் இருந்தோம். எங்கள் மூன்றாம் வகுப்புக்கு ஒரே ஜன்னல். மூடுபனியில் பகலிலேயே கரும்பலகை தெரியாது. பாதிப் பேர் தூங்கிவிடுவோம். எலப்புள்ளி என்ற ஊரிலிருந்து வந்த டீச்சர் ஒரு நாள் ஜன்னலில் மஞ்சள், பச்சை, சிவப்புக் கண்ணாடித் தாள்களை ஒட்டினார். வெயில் எட்டிப் பார்த்தால் முதல் பெஞ்சில் மூன்று நிறமும் விழும். வாய்ப்பாடு சரியாகச் சொன்னவர்கள் அங்கே உட்காரலாம். முதலாவதாக வருபவருக்குச் சிவப்பு. தூங்குமூஞ்சிகளெல்லாம் துள்ளி எழுந்தார்கள்.

எனக்குச் சிவப்பென்றால் பயம். "செவப்பு வெளக்கு எரிஞ்சா கரண்டு ஓடுதுன்னு அர்த்தம். கிட்டப் போவாதட்டி, கரிக்கட்டையாயிருவ" என்று அப்பா சொல்லியிருந்தார். முதல் நாள் சிவப்பில் உட்கார்ந்தது என் தோழி. அவள் கருகவில்லை. ஆனால் போன மழையில் கம்பத்தில் கரண்டு அடித்து விழுந்து இறந்த பக்கத்து வீட்டு மாமாவும் வெளியே கருகியிருக்கவில்லை. "உள்ளுக்குள்ள வெந்துபோச்சே" என்றுதான் அம்மா அழுதாள். மறுநாள் தோழி காய்ச்சலென்று வரவில்லை. எனக்கு அது போதும்.

அன்றிலிருந்து, ஐம்பத்தாறு என்று தெரிந்தும், ஏழெட்டு ஐம்பத்திநாலு என்றேன். "ஏ ஐம்பத்திநாலு, நில்லுட்டி!" என்று வழியெல்லாம் கேலி. டீச்சர் அப்பாவை வரவழைத்து, நான் இன்னொரு வருஷம் மூன்றிலேயே இருக்க வேண்டிவரும் என்றார். "தோத்தா படிப்பு போதும். தம்பியத் தூக்கிட்டு வீட்ல கெடக்கட்டும்" என்றாள் அம்மா. அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன். சிவப்புக்குப் பக்கத்தில் ஏன் போனாய் என்று அடிப்பாரோ என்று மூடிக்கொண்டேன்.

கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்க, டீச்சரே என் கையைப் பிடித்துச் சிவப்புக்குள் உட்காரவைத்தார். "பயப்படாத சாமி. வெளிச்சத்துல உக்காந்து சொல்லு, தானா வந்துரும்." என் கை, சிலேட்டு, பாவாடை எல்லாம் சிவந்தன. பயத்தில் பாவாடை நனைந்தது. முடித்தால் எழுந்துவிடலாம் என்று ஏழாம் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். ஒரு தப்பில்லை.

டீச்சர் கைதட்டினார். "பாத்தீங்களா! வெளிச்சம் பட்டதும் புள்ளைக்குப் புத்தி தெளிஞ்சிருச்சு!" வருஷம் முடியும்வரை அந்த இடத்தை எனக்கே கொடுத்துவிட்டார். உள்ளே வேகிறதா என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே தினமும் முதலாவதாக வந்தேன். அப்பா ஊரெல்லாம் பெருமையடித்தார். டீச்சர் கொடுத்தது பரிசு என்பது எனக்குப் புரியவில்லை. நான் படித்தது பயத்தில் என்பது அவருக்கும்தான்.

இப்போது என் மகள் ஒன்றாம் வகுப்பில் முதலாவதாக வருகிறாள். அவளுடைய வகுப்புச் சுவரெல்லாம் வண்ணம், ஒவ்வொரு விடைக்கும் ஒரு காகித நட்சத்திரம். அதைக் காட்ட அவள் நீட்டும் கையைத் தொட்டால் உள்ளங்கை சில்லிட்டிருக்கிறது. பயமா என்று கேட்டால், இல்லாத பயத்தை நானே ஊட்டிவிடுவேனோ? கேட்காமல் விட்டால்? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது, எந்த வார்த்தையில் கேட்பது என்று எனக்கு எழுதுங்கள்.