நீலப் புகை விட்ட புல் மெஷின்

பச்சைப் புல் அறுபடுகிற வாசத்தோடு கருகிய ஒயில் நாற்றமும் சேர்ந்து வந்தால் எனக்கு இப்போதும் அந்த மெஷின்தான் கண்முன் வரும். பக்கத்து வளவில் யாரோ புல் வெட்டுகிறார்கள்... காலையிலிருந்து அதே ஞாபகம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டுவிட்டு, குண்டசாலையில் ஒரு ஹோட்டலுக்கு நாங்கள் வேலைக்கு வந்த புதிது. எனக்குத் துணி துவைக்கிற வேலை. என் வீட்டுக்காரருக்கு, ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல் வெட்டும் மெஷின்.

நாலு சில்லு, ஒரு ஸ்டியரிங்... தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்த மனிதர் ஒரே வாரத்தில் "டிரைவர்" ஆகிவிட்டார். நடந்து போகிறவர்கள் அவரை முந்திக்கொண்டு போவார்கள். அதற்கும் தொப்பி போட்டுக்கொண்டுதான் ஓட்டுவார்.

அந்த வேலையோடு ஓர் அறையும் சமைக்கக் குசினியும் கொடுத்திருந்தார்கள். அங்கிருந்துதான் மூத்தவள் பஸ் ஏறி கண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவள் ஆறாம் வகுப்புப் புத்தகத்தை விரித்தால், நான் பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் கழுவுவேன்.

காலையில் மெஷினை எடுக்குமுன் இவர் கொஞ்சம் ஒயில் ஊற்றுவது வழக்கம். அப்படி இருக்கையில் மெஷின் புகை விடத் தொடங்கியது. சும்மா புகை இல்லை, நீலப் புகை. இவர் ஒரு சுற்றுப் போய்த் திரும்பினால் தொப்பி மட்டும்தான் தெரியும்.

"ஒயில் எரியுது. குறைஞ்சிருக்கும்" என்பார். ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்துப் பார்ப்பார். குறைவாகத்தான் காட்டும். ஊற்றுவார். மறுநாள் இன்னும் புகை... இன்னும் ஊற்றுவார். மத்தியானம் காவல்காரர் பண்டா அண்ணன் தன் பங்குக்குப் பார்த்துவிட்டு, பாவம் காய்ந்து கிடக்கிறதே என்று அவரும் கொஞ்சம் ஊற்றுவார். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்கிற மாதிரி இரண்டு பேரும் அதை உபசரித்தார்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே எழுந்து போனார்கள். மெனேஜர் மாத்தயா வந்தார். வெள்ளிக்கிழமைக்குள் சரிவராவிட்டால் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாகச் சொன்னார். மெஷின் இல்லையென்றால் டிரைவர் எதற்கு? டிரைவர் இல்லையென்றால் அறை எதற்கு? தோட்டத்துக்கே திரும்ப வேண்டியதுதான். மகளின் பள்ளிக்கூடம் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை, பிலிமத்தலாவையிலிருந்து மெக்கானிக் கரீம் நானா வந்தார். மெஷின் நிற்கிற கொட்டகையில் குனிந்து பார்த்தார். பிளக்கைக் கழற்றினார். கறுப்பாக, எண்ணெயில் பொரித்தெடுத்த மாதிரி இருந்தது.

"பிஸ்டன் ரிங் போய்ட்டு தம்பி. எஞ்சின எறக்கோணும். சாமான் கொழும்பால வரோணும்."

"எத்தன நாள் நானா?"

"ஒரு மாசம் வையி."

இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

நானா கை கழுவட்டும் என்று ஒரு பேசினில் சவர்க்காரத் தண்ணீர் கொண்டுபோய் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு பக்கம் தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்தது. மறுபக்கம் பேசினின் அடி தெரிந்தது. எங்கள் கண்டிப் பக்கம் எங்கே நேரான நிலம் இருக்கிறது? கொட்டகையே சரிவில்தான் கட்டியிருந்தார்கள்.

பேசினைப் பார்த்தேன். மெஷினைப் பார்த்தேன்.

"நானா, அந்த ஒயில் பார்க்கிற கம்பி மேட்டுப் பக்கமா இருக்கு, பள்ளத்துப் பக்கமா?"

"மேட்டுப் பக்கம். ஏன் தங்கச்சி?"

"அப்ப ஒயில் பூரா பள்ளத்துப் பக்கந்தானே போய் நிக்கும். கம்பியில எப்புடி ஒட்டும்?"

நானா என்னைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். "தம்பி, நீ எங்க வச்சு ஒயில் பாக்குற?"

"இங்கதான். இது நிக்கிற எடத்துல."

அந்த ஹோட்டலில் சமமான தரை என்றால் கார் வந்து நிற்கிற முன் போர்ட்டிகோ மட்டும்தான். இவர், நானா, பண்டா அண்ணன் மூன்று பேரும் தள்ளிக்கொண்டு போய் அங்கே நிறுத்தினார்கள். கம்பியை இழுத்தால்... கோட்டையெல்லாம் தாண்டி, கைப்பிடி வரை ஒயில்.

கீழே திறந்து இறக்கினார்கள். இரண்டு போத்தல் பிடிக்கிற வயிற்றில் மூன்றுக்கு மேல் இருந்தது.

"புள்ளத்தாச்சிக்கு ஊட்டுற மாதிரி ஊட்டீக்கிறியே தம்பி. இது எரிக்காம என்ன செய்யும்?"

"நான் மட்டுமா நானா? பண்டா அண்ணனும்..."

பண்டா அண்ணன் கேட்டைப் பார்க்க வேண்டும் என்று போய்விட்டார்.

எயார் பில்டர் ஸ்பொஞ்சும் ஒயிலில் ஊறிக் கிடந்தது. அதை நானே சவர்க்காரம் போட்டுத் துவைத்து, ஹோட்டல் வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் காயப் போட்டேன். அது காய்ந்ததும் நானா எடுத்து மாட்டி, பிளக்கையும் துடைத்துப் பூட்டினார். புது ஒயிலைக் கோடு வரை மட்டும் ஊற்றினார். ஸ்டார்ட் பண்ணினால்...

முன்னைவிட அதிகப் புகை. போர்ட்டிகோவே தெரியவில்லை. புகைக்குள்ளிருந்து மெனேஜர் மாத்தயா இருமிக்கொண்டு வந்தார்.

"பொறுங்க மாத்தயா" என்றார் நானா. "சைலன்சருக்குள்ள தேங்கினது எரியுது. எரிஞ்சு முடியட்டும்."

இவர் ஏறி உட்கார்ந்து புல்வெளியைச் சுற்றினார். முதல் சுற்று நீலம். இரண்டாவது சுற்றில் வெளுத்தது. நான்காவது சுற்றில் புகையைத் தேட வேண்டியிருந்தது. மாத்தயா சிங்களத்தில் "ஹரி, ஹரி", சரி சரி, என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் பேசினை எடுத்துக்கொண்டு போய், துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

அதற்குப் பிறகு பதினொரு வருடம் அந்த அறையில் இருந்தோம். மூத்தவள் அங்கிருந்தே படித்து முடித்து, இன்றைக்குக் கணக்கு டீச்சர். பேத்தி கம்பஸில் இஞ்சினியரிங் படிக்கிறாள். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

போன மாதம் மகள் எங்களை அதே ஹோட்டலுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனாள். அந்தக் காலத்தில் பின் கதவால் போய் வந்தவர்கள் நாங்கள். இப்போது கண்ணாடி ஓரத்தில் மேசை, வெள்ளை விரிப்பு, மடித்து வைத்த துணி... இவர் சோற்றைத் தொடாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பரிமாற வந்தவர் பயந்துபோய்க் கேட்டார். "சாப்பாடு சரியில்லையா சேர்?"

"சாப்பாடு நல்லாருக்கு தம்பி" என்றார் இவர். "புல்லுதான் ஒரு இஞ்ச் கூடுதலா வளர விட்டுட்டீங்க."