அருவி மூடிய வாரம் என் குதிகாலுக்கு வந்த சுகம்

கர்த்தருக்குள் பிரியமான சகோதர சகோதரிகளே, நான் குற்றாலத்தில் பரோட்டா மாஸ்டர். வீடு இலஞ்சியில். மேடையில் நின்று பேசிப் பழக்கமில்லை, கல்லுக்கு முன்னால் நின்றுதான் பழக்கம். அப்படி நின்றதே என்னைப் படுக்க வைத்துவிட்டது.

போன ஜூன் மாதம் சாரல் தொடங்கியது. கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். காலையில் நின்றால் கடை அடைக்கும்வரை நிற்க வேண்டும். தரையெல்லாம் எண்ணெய். செருப்பு வழுக்கும் என்று எங்கள் கடையில் எல்லாரும் வெறுங்காலோடுதான் நிற்போம். ஒரு நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தேன். குதிகாலில் ஆணி அடித்தது போல் இருந்தது. கத்திவிட்டேன். நடக்க நடக்கக் கொஞ்சம் குறையும். மறுநாள் காலையில் மறுபடியும் அதே கதைதான்.

என் மனைவி செங்கல்லைச் சுட்டு, எருக்க இலையை அதன்மேல் வைத்து ஒத்தடம் கொடுத்தாள். வலி கேட்கவில்லை. "அருவியில போயி நில்லுங்க, வாதமெல்லாம் இறங்கிரும்னு சொல்லுதாவ" என்றாள். எங்கள் ஊர்க்காரனுக்கு எந்த நோய் வந்தாலும் அதுதானே வைத்தியம்! மதியம் கூட்டம் குறைந்ததும் ஓடிப்போய் அருவியில் நிற்பேன். தண்ணீர் தோளில் விழும்போது சுகமாக இருக்கும். மறுநாள் காலையில் வலி இன்னும் அதிகமாக இருக்கும். நிற்பது போதவில்லை என்று நினைத்து, இன்னும் அதிக நேரம் நின்றேன்.

ஆகஸ்டில் சுவரைப் பிடித்துத்தான் நடந்தேன். நிற்க முடியாத மாஸ்டரை யார் வைத்துக்கொள்வார்கள்? வேறு தொழிலும் எனக்குத் தெரியாது. முழங்காலில் நின்றால் எழும்ப முடியாது என்று படுத்துக்கொண்டே ஜெபித்தேன். "ஆண்டவரே, என்னால முடியல. எனக்கு நிக்கதுக்குக் காலைத் தாரும்" என்று அழுதேன். வேறு வார்த்தை வரவில்லை.

அந்த வாரமே மலையில் பேய் மழை. வெள்ளம் வந்து அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். வந்த வண்டியெல்லாம் திரும்பிப் போனது. முதலாளி கடையை அடைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "காலைக் கேட்டேன், பிழைப்பையும் பிடுங்கிட்டீரே!" என்று ஆண்டவரையே திட்டினேன். போக இடமில்லாமல் வீட்டிலேயே கிடந்தேன்.

சில நாள் கழித்து ஒரு காலையில் எழுந்து நடந்தபோது மனைவி கேட்டாள்: "ஏங்க, இன்னைக்கு உங்க சத்தத்தையே காணோம்?"

அப்போதுதான் கவனித்தேன். வலி பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அவள் விடவில்லை. "நிக்காம இருந்தா வலி இல்ல. அப்ப நிக்கதுதான் காரணம்" என்று தென்காசி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா நான் அருவியில் நின்ற கதையையும் கேட்டுவிட்டு, காலை அழுத்திப் பார்த்தார். "இது வாதம் இல்ல அண்ணாச்சி. வெறுங்காலோட கெட்டித் தரையில நின்னு நின்னு உள்ளங்கால் ஜவ்வு புண்ணாயிருக்கு. அது பத்தாதுன்னு பாறையிலயும் போயி நின்னா என்னத்துக்கு ஆகும்?" என்றார். வழுக்காத மெத்தைச் செருப்பு போடச் சொன்னார். எழுந்திருக்கும் முன் பாதத்தை நன்றாக இழுத்து நீட்டவும், குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைக் காலடியில் உருட்டவும், இடையிடையே உட்காரவும் சொன்னார்.

உட்கார முதலாளியிடம் எப்படிக் கேட்பது? தடை நீங்கிக் கடை திறந்ததும், பயந்து பயந்துதான் சொன்னேன். "இத முன்னமே சொல்லக்கூடாதாவே? நானும் நின்னு நின்னு இந்தப் பாடுதான் படுதேன்" என்றார். இப்போது மாவு உருட்ட ஒரு ஸ்டூல், நிற்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு. செப்டம்பரிலிருந்து பழையபடி கல்லுக்கு முன்னால் நிற்கிறேன்.

அருவியில் நான் தேடிய சுகத்தை, அந்த அருவியை அடைத்துத்தான் ஆண்டவர் கொடுத்தார். உங்களுக்கும் எல்லாப் பக்கமும் அடைபட்டது போல் தெரிகிறதா? அவரிடமே போய் அழுங்கள். கோபம் வந்தால் அதையும் சொல்லுங்கள். நான் திட்டிக்கொண்டு கிடந்த நாட்களில்தான் அவர் என் காலைச் சுகமாக்கிக்கொண்டிருந்தார்.