தவராசா அண்ணையும் பற்ற மறுத்த ஹீட்டரும்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, தொலைபேசியின் பதிவு நாடாவில் இந்திரா அக்காவின் குரல் இருந்தது. "தம்பி, அண்ணை போயிட்டார். வேலையிலை நெஞ்சு நோகுது எண்டவராம்." சப்பாத்தைக் கழற்றாமலே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். நாங்கள் எல்லோரும் பயந்துகொண்டிருந்தது அக்காவை நினைத்து. முந்திக்கொண்டவரோ அவருடைய கணவர்.

எங்கள் மல்வேர்ன் பகுதியில் தவராசா அண்ணையைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய பழைய மோட்டார்ஹோமும் தெரியும். படுக்கையும் அடுப்பும் உள்ள அந்த வண்டியை அவர் வாங்கியபோது, "இருக்க வீடில்லாமலோ அண்ணை?" என்று பகிடி பண்ணினோம். "வீடு ஓடாதே ராசா" என்றார்.

அக்காவின் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த இலையுதிர்காலம் அது. ஏரிக்கரையில் தங்கி விடிவதைப் பார்க்கவேண்டும், அது ஒன்றுதான் அக்கா கேட்டது. குளிர் படவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். உதவிக்கு நானும் போனேன். பிக்கரிங்கைத் தாண்டி ஏரியோரத்தில் வண்டியை நிறுத்தி காஸ் ஹீட்டரைப் போட்டால், காற்றாடி சுற்றியது, நெருப்புப் பற்றவில்லை. போர்வைக்குள் இருந்தபடி அக்கா, "பரவாயில்லை, வீட்டை போவம்" என்றார். அந்தப் பரவாயில்லையைக் கேட்க எனக்கு அழுகை வந்தது.

நான் அவசரக்காரன். நெருப்புப்பெட்டியைத் தேடினேன். அண்ணை என் கையைப் பிடித்துவிட்டார். "காஸோடை கோவிக்கக்கூடாது." அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தார், எரிந்தது. காஸ் இருக்கிறது. காற்றாடியின் வேகம் குறையவில்லை. அதைச் சுற்றவைக்கும் பற்றறியும் சரி. அடுப்பை அணைத்து, காஸை அடைத்து, தன் ஜாக்கெட்டால் அக்காவைச் சுற்றி முன் சீற்றில் இருத்திவிட்டு, ஹீட்டரின் மூடியைக் கழற்றினார். உள்ளே மெல்லிய தகடு ஒன்று இருந்தது. காற்றுப் பட்டு அது அசைந்தால்தான் காஸுக்கு வழி திறக்குமாம். அதன் அடியில் காய்ந்த செவ்வந்திப் பூ ஒன்று செருகிக் கிடந்தது.

நேர் மேலே, தட்டில், பிள்ளையார் படம். அண்ணை பத்திரமாக ஓட்டவேண்டும் என்று ஒவ்வொரு பயணத்துக்கும் அக்கா அதற்குப் பூ வைப்பார். நான் வாயைத் திறக்கமுன் அண்ணை பூவைச் சேட்டுப் பைக்குள் போட்டார். "சொல்லிப்போடாதை. பிறகு பூ வைக்கமாட்டா" என்று காதுக்குள் சொன்னார். அக்காவிடம், "தூசிதான் இந்திரா" என்றார். ஹீட்டர் பற்றியது. விடிய, அக்கா ஏரியைப் பார்த்து அழுதார். அண்ணை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

செத்தவீட்டன்று அக்கா என்னைப் பக்கத்தில் இருத்தினார்.

"அண்டைக்குச் சிக்கினது என்ரை பூதானே தம்பி?"

நான் தலையாட்டினேன்.

"வீட்டை வந்த உடனை பிள்ளையாரை ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலை மாத்திப்போட்டார். எனக்கு விளங்காதே? கேட்டால் மனுசன் கவலைப்படும் எண்டு விட்டிட்டன்."

எத்தனையோ பேர் அவரைப் பற்றி எவ்வளவோ சொன்னார்கள். எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது, "தூசிதான் இந்திரா" என்ற அந்தப் பொய். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

நேற்று அந்த வண்டியைப் போய்ப் பார்த்தேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், பிள்ளையாருக்கு முன்னால் புதுச் செவ்வந்தி இருந்தது. ஓட்டத்தான் ஆள் இல்லை.