கணப்பில் முளைத்த பிள்ளையார்

பிரிக்பீல்ட்ஸுக்குப் பின்னால், மேட்டின் மேல் இருந்த ரயில்வே துரையின் பங்களாவில் ஒரு கணப்பு இருந்தது. குளிர்நாட்டில் சுவரோடு சேர்த்துக் கட்டி, விறகெரித்துக் காய்வார்களே, அதுதான். கோலாலம்பூரில் எந்த மாதம் அதை எரிப்பது என்று சொல்லாமலே கட்டியவர் சீமைக்குத் திரும்பிவிட்டார். அதன் மரச்சட்டத்தை அனுபவித்தது கரையான் மட்டும்தான்.

1926இல் அதைப் புதுப்பிக்க வந்தவர் கன்னையா. சேரியில் பிறந்தவர். மரத்தின் மேல் வர்ணம் பூசிச் சலவைக்கல்லாகக் காட்டத் தெரிந்தவர். "சனிக்கிழமை ஈப்போவிலிருந்து வந்து பார்ப்பேன். நன்றாக இருந்தால் ரயில் பட்டறையில் நிரந்தர வேலை, குடியிருக்க அறை" என்று துரை சொல்லிவிட்டுப் போயிருந்தார். கன்னையாவும் மனைவி நல்லம்மாளும் அப்போது ஒரு மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் குடியிருந்தார்கள்.

கரையான் தின்ற இடங்களை மக்குப் பசை வைத்து அடைத்து, வெள்ளை எண்ணெய் வர்ணம் பூசிக் காயவைத்தார். அதன்மேல் சாம்பல்நிறத் தண்ணீர்ச் சாயத்தில் வாத்து இறகைத் தோய்த்துக் கல்லின் ரேகைகளை இழுத்தார். வார்னிஷ் ஒன்றுதான் பாக்கி.

அப்போது சமையற்காரர் சபாபதி உள்ளே வந்தார். துரைக்கு மாட்டிறைச்சி வறுப்பவர். அது உத்தியோகம், சாதியைப் பாதிக்காது என்பது அவர் கட்சி. தன்னைக் கன்னையா 'சாமி' என்று அழைக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பவர். 'அண்ணே' என்பதோடு கன்னையா நிறுத்திக்கொள்வார்.

கணப்பின் ரேகைகளைப் பார்த்ததும் சபாபதி கத்தினார். "டேய், தும்பிக்கைடா! இது காது! பிள்ளையார் வந்திருக்காருடா!"

"அது கோடு அண்ணே. வாத்து இறகாலே நான்தான் இழுத்தேன்."

"நீ எங்கடா இழுத்தே? அவர் இழுக்க வெச்சாரு."

"அப்ப பட்டறை வேலையும் அவருக்குத்தானா?"

சபாபதி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வெளியே போ. இனிமே நீ தொடக்கூடாது."

"வார்னிஷ் அடிக்கணும் அண்ணே. அடிக்கலேன்னா தண்ணி பட்டதும் எல்லாம் போயிடும்."

"சாமி எங்கேயும் போகாது. நீ போ."

கணப்பு இருந்த கூடத்தின் சாவி சபாபதியிடம் இருந்தது. பூட்டிவிட்டார். தன் கையால் செய்ததைத் தானே தொடக்கூடாது என்று ஒரு மனிதனிடம் சொல்ல நம்மவர்கள் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. முன்னோர்கள் அதைத் தயாராக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பங்களா வேலையாட்கள் குளித்து, நீறு பூசி, கணப்பின் முன் கூடினார்கள். கன்னையா தோட்டத்தில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சபாபதி துரையின் டின்பாலை வெந்நீரில் கரைத்து, மந்திரம் என்று தாம் நம்பிய ஏதோ ஒன்றைச் சொல்லி, அபிஷேகம் செய்தார். முதலில் தும்பிக்கை கரைந்தது. பிறகு காது. கடைசியில் தரையில் சாம்பல்நிறப் பால் தேங்கி நின்றது. தோட்டக்காரர் தம்புசாமி அதைத் தீர்த்தமாக எடுக்கலாமா என்று கேட்டார்.

சபாபதி ஜன்னலுக்கு ஓடி வந்தார். "கன்னையா, உள்ளே வாடா!"

"இப்ப நான் தொடலாமா அண்ணே?"

"தொடுடா, சீக்கிரம் தொடு! துரை பார்த்தா என் சீட்டு கிழிஞ்சுடும்."

கன்னையா பாலைத் துடைத்தார். வெள்ளை வர்ணம் கெடவில்லை. மறுபடி இறகை எடுத்தார். சபாபதி நகராமல் பின்னாலேயே நின்றார்.

"அங்கே காது மாதிரி வருது பாரு, அழிடா. ஐயோ, இது தொந்தி. நேரா இழு, நேரா இழு!"

அன்று மாலைக்குள் ஒரு கடவுளும் வராமல் சபாபதி காவல் காத்து முடித்தார். கன்னையா வார்னிஷ் அடித்தார்.

சனிக்கிழமை துரை வந்து, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். மரச்சத்தம் கேட்டதும் சிரித்தார். அடுத்த வாரம் நல்லம்மாள் பட்டறைக் குடியிருப்பில் அடுப்பு மூட்டினாள்.